பெருநாளும் கடனும்

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகர். மண்ணைப் பிசைந்து பொம்மையும் விளக்கும் செய்து பிழைப்போருக்கு வரவு ஆண்டு முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. மழைக்காலத்தில் பச்சை மண் எளிதில் உலராது. உலராத பொருள் சூளைக்குப் போகாது. பெருநாளோ மழை வெயில் பார்த்து வருவதன்று. பிறைக் கணக்கில் ஆண்டுக்கு 354 நாள்களே. சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. ஆகவே ஏறத்தாழ 33 ஆண்டுகளில் பெருநாள் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் நோன்புப் பெருநாள் நவம்பர் மாதத்து அடைமழைக் காலத்தில் வந்தது. கை வறண்ட நாளில் பிறை தெரிந்தால், புத்தாடைக்காக வட்டிக்கடை வாசலை மிதிப்பதா?

கடன்பட்ட ஏழையைக் கண்டால், "விழாவுக்கு வாரி இறைத்தான்" என்று பழிப்பது பழைய வழக்கம். 1875-இல் பூனா, அகமதுநகர் மாவட்டங்களின் உழவர்கள் கிளர்ந்தெழுந்து, வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைப் பறித்து எரித்தனர். காரணம் ஆராய்ந்த தக்காணக் கலவர ஆணையம், திருமண, விழாச் செலவுகள் அளவுக்கு மீறிப் பெரிதுபடுத்தப்படுவதாகக் கண்டது. அவை செலவுக் கணக்கில் ஓரளவு இடம்பெற்றாலும், கடனுக்கு மூலமாய் அமைவது அரிது என்பது அதன் முடிவு. சிக்கனத்தைப் போதிப்பது மட்டும் போதாது. சேமிக்க வழியும் வேண்டும் என்பதை நாம் இதிலிருந்து உணரலாம்.

அவ்வழியைத் தேடியவர்களுள் ஒருவர் பிரடெரிக் நிக்கல்சன். சென்னை மாகாண அரசுக்கு 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அவர் அளித்த அறிக்கைகள் கூட்டுறவை வலியுறுத்தின. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் தோன்றியது.

நம் முன்னோர் பலர் கப்பலேறிச் சென்ற மலாயாவிலும் இதே துயரம் வேறு உருவில் இருந்தது. ஹஜ்ஜுக்காக நிலத்தை விற்றுச் சென்ற கிராமத்தார், திரும்பிவந்து வறுமையில் வாடினர். பேராசிரியர் உங்கு அஜீஸ் 1959-இல் இதற்கு ஒரு திட்டம் வகுத்தார். வட்டியின்றிச் சிறுகச் சிறுகச் சேமிக்கும் நிறுவனம் 1963-இல் செயற்படத் தொடங்கியது. 1,281 பேருடன் தொடங்கிய அதுவே இன்றைய தாபுங் ஹாஜி. கடனுக்குப் பின் வருந்துவோரை, கடமைக்கு முன் சேமிப்போராக அது மாற்றியது.

பெருநாளுக்கும் இவ்வழி பொருந்துமன்றோ? குடும்பத்தின் பெருநாள் செலவு 6,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஒரு பிறை ஆண்டில் 50 வாரங்களே உள்ளன. வாரம் 120 ரூபாய் ஒதுக்கினால் போதும். ஆங்கில மாதக் கணக்கில் சேமிப்பவர், பெருநாள் முந்திக்கொள்ளும் 11 நாள்களில் தடுமாறுவார். மழைக்காலத்தில் வரவு குறைவோர், வெயில் காலத்திலேயே கூடுதலாக ஒதுக்கிவிடுவது நலம். சீட்டுச் சேர்வோர், அது 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதா என்று பார்த்தே பணம் கட்டுதல் வேண்டும். தீபாவளிச் சீட்டில் பணம் கட்டி ஏமாந்தோர் பலர்.

சேமித்ததிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது ஏழைக்குரிய ஃபித்ரா. புத்தாடையும் விருந்தும் அதற்குப் பின்னரே. ஹஜ்ஜும் குர்பானியும் வசதி பெற்றோர் மீதே கடமை. இல்லாதவனை மார்க்கம் வற்புறுத்துவதில்லை. வற்புறுத்துவது அண்டை வீட்டாரின் கண்ணும் நம் நெஞ்சின் நாணமுமே. அந்த நாணத்துக்காக வட்டி கட்டிக்கொண்டிருந்தால், பெருநாள் ஒரு நாளில் முடியும். கடனோ அடுத்த பிறை வரை நம்முடன் இருக்கும்.