கணினியியல் கல்வியில் பாடநூலும் பாட வைப்புமுறையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு துறையை எந்நூலைக் கொண்டு, எவ்வரிசையில் கற்பிப்பது என்னும் வினா தமிழாசிரியர்க்குப் புதியதன்று. நூலுக்குரிய பத்து அழகுகளுள் பொருளை உரிய முறையில் அமைத்தலையும் ஒன்றாக நன்னூலார் எண்ணியுள்ளார். பன்னூற்றாண்டு மரபுடைய இலக்கணக் கல்விக்கே இன்றியமையாத இவ்வினா, பல்கலைக்கழகத் துறையாகத் தோன்றிச் சற்றேறக்குறைய அறுபது ஆண்டுகளே ஆன கணினியியலில் பெருவிவாதமாக எழுந்ததில் வியப்பில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்குக் காணப்பட்ட விடைகளை இக்கட்டுரையில் நாம் காலமுறைப்படி நோக்குவோம். விவாதம் பெரும்பாலும் நிரல்மொழித் தேர்வு பற்றியதாகவே வெளியே தோன்றினும், அதன் உள்ளீடு பாட வைப்புமுறையே என்பது நாம் நிறுவ விழையும் கருத்தாகும்.

தொடக்கக் காலக் கலைத்திட்டங்கள்

1962ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகம் கணினியியலுக்கெனத் தனித்துறையை நிறுவியது. கணிதத்திலிருந்தும் மின்பொறியியலிலிருந்தும் பிரிந்து வந்த இப்புதுத்துறைக்கு உரிய பாடங்கள் எவை என்பதில் தெளிவு தேவைப்பட்டது. ஏ.சி.எம். எனப்படும் கணினியியலாளர் சங்கம் 1968இல் வெளியிட்ட கலைத்திட்டம், 22 பாடங்களைத் தொடக்கம், இடைநிலை, உயர்நிலை என மூன்று படிகளாக வகுத்தது. நிரலாக்கத்தோடு தனிநிலைக் கணிதமும் எண்சார் கணிதமும் தொடக்கப் படியிலேயே இடம்பெற்றன. அதே ஆண்டில் வெளிவந்த டொனால்டு நூத் அவர்களின் பெருநூலின் முதல் தொகுதியும் கணித அடிப்படைகளிலிருந்தே தொடங்கிற்று. நிரல்களை விளக்க அவர் நடைமுறையிலிருந்த எம்மொழியையும் கொள்ளாமல், தாமே கற்பனையாகப் படைத்த ஒரு கணினியின் மொழியைக் கையாண்டார்.

அச்சங்கம் 1979இல் வெளியிட்ட அடுத்த கலைத்திட்டத்தில் நிரலாக்கப் பயிற்சி முதன்மை பெற்றது. கணிதத்தின் இடம் குறைந்தது. அந்தோணி ரால்ஸ்டனும் மேரி ஷாவும் 1980இல் எழுதிய கட்டுரையில் இதனை மறுத்தனர். எது முதலில் என்னும் வினா, இத்துறை கணிதமா, கைத்திறனா என்னும் வினாவாக மாறியதை இங்குக் காண்கிறோம்.

நிரல்மொழிகளின் மாற்றம்

நிக்லாஸ் விர்த் கற்பித்தலைக் கருத்திற்கொண்டு உருவாக்கிய பாஸ்கல் மொழி 1970இல் வெளிவந்தது. பல்கலைக்கழகங்களில் விரைந்து பரவியது. அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கான கணினியியல் தேர்வு 1984இல் பாஸ்கலில் தொடங்கி, 1999இல் சி++ மொழிக்கும், 2004இல் ஜாவாவுக்கும் மாறியது. இருபது ஆண்டுகளுள் மூன்று மொழிகள்! ஒவ்வொரு மாற்றமும் ஆசிரியர்க்குப் புதுப் பயிற்சியையும் மாணவர்க்குப் புதுப் பாடநூலையும் வேண்டிற்று.

இப்போக்கிற்கு எதிரெல்லையில் நின்றவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. முதலாண்டு மாணவர், கணினியில் இயக்கிப் பார்க்க இயலாத ஒரு மொழியில் நிரல் எழுதி, அதன் சரிமையைத் தருக்க முறையில் மெய்ப்பிக்க வேண்டும் என 1988இல் அவர் வாதிட்டார். இது பரவலாக ஏற்கப்படவில்லை. எனினும், மொழியைக் கற்றலும் நிரலைச் சிந்தித்தலும் வேறுவேறு என்பதை அது கூர்மையாக உணர்த்தியது.

இரு பாடநூல்கள்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹெரால்டு ஏபெல்சனும் ஜெரால்டு சஸ்மனும், ஜூலி சஸ்மனுடன் இணைந்து, 1985இல் கணினி நிரல்களின் அமைப்பையும் பொருள்கோளையும் பற்றிய பாடநூலை வெளியிட்டனர். அதில் ஸ்கீம் மொழியின் இலக்கணம் சில பக்கங்களில் அடங்கிவிடுகிறது. செயற்கூறுகள், தரவுகள், காலத்தோடு மாறும் நிலை என விரியும் நூல், இறுதியில் ஒரு நிரல்மொழியை இயக்கும் நிரலையே மாணவர் எழுதும் நிலைக்குக் கொண்டுசெல்கிறது.

2001இல் மத்தியாஸ் பெலைசன் உள்ளிட்ட நால்வர் நிரல் வடிவமைப்பைக் கற்பிக்கும் மற்றொரு நூலை வெளியிட்டனர். முன்னைய நூலின் எடுத்துக்காட்டுகள் கணிதத்தையும் மின்பொறியியலையும் சார்ந்திருப்பதால் தொடக்கநிலை மாணவர் இடர்ப்படுகின்றனர் என்றும், நிரலை வடிவமைக்கும் முறை அதில் வெளிப்படையாகக் கற்பிக்கப்படவில்லை என்றும் அவர்கள் பின்னர் எழுதினர். தரவின் வடிவை வரையறுத்தல், நிரலின் நோக்கத்தை எழுதுதல், எடுத்துக்காட்டு அமைத்தல், பின்னரே நிரல் எழுதிச் சோதித்தல் எனப் படிப்படியான முறையை அவர்கள் வகுத்தனர். இரு நூல்களும் ஒரே குடும்பத்து மொழிகளைக் கையாண்டும் வைப்புமுறையால் வேறுபட்டன என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

2001ஆம் ஆண்டின் கலைத்திட்ட அறிக்கை, தொடக்கப் பாடத்திற்கு ஒரு வழியை விதிக்காமல் ஆறு வழிகளை முன்வைத்தது. 2007–08இல் மாசசூசெட்ஸ் கழகம் தன் புகழ்பெற்ற தொடக்கப் பாடத்தைக் கைவிட்டு, பைத்தான் மொழியும் எந்திரன்களும் கொண்ட புதுப்பாடத்தை ஏற்றது. பலர் இதனை மொழி மாற்றமாகவே பேசினர். சிறு கூறுகளை முற்ற அறிந்து பெரியதைக் கட்டும் நிலை மாறி, பிறர் எழுதிய நிரல் தொகுதிகளைச் சோதித்தறிந்து இணைப்பதே பொறியாளர் பணியாகிவிட்டது என்பது சஸ்மன் கூறிய விளக்கமாகும். மாறியது துறையைப் பற்றிய கருத்து. மொழி அதனைத் தொடர்ந்தது.

இதற்கு மறுதலையான சான்று நம் வட்டாரத்திலேயே உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஹென்ஸ், தோபியாஸ் ரிக்ஸ்டாட் என்பாருடன் சேர்ந்து, 1985ஆம் ஆண்டு நூலை ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குத் தழுவி 2022இல் வெளியிட்டார். இங்கு மொழி மாறியது, வைப்புமுறை நிலைத்தது.

முடிவுரை

2014இல் பிலிப் குவோ வெளியிட்ட கணக்கெடுப்பில், அமெரிக்காவின் முன்னணிக் கணினியியல் துறைகள் 39இல் 27 தொடக்கப் பாடத்தைப் பைத்தானில் கற்பித்தன. இத்தகைய எண்ணிக்கை எம்மொழி பரவியது என்பதைக் காட்டும். மாணவர் எதை முதலில் சிந்திக்கக் கற்றனர் என்பதைக் காட்டாது. மேற்கண்ட வரலாற்றிலிருந்து பாடத்திட்டம் வகுப்போர் கொள்ளத்தக்க வரிசை ஒன்றுண்டு. ஆண்டிறுதியில் மாணவர் எதைச் செய்ய வல்லவராதல் வேண்டும் என்பதை முதலில் துணிதல். அதற்கேற்பப் பாடங்களை நிரல்படுத்தல். அவ்வரிசைக்கு ஒத்த நூலைத் தேர்தல். மொழியை இறுதியில் கொள்ளுதல் என்பன அவை. சந்தையில் பெயர்பெற்ற மொழியை முதலில் கொண்டு, அதற்கொரு நூலைத் தேடி, அந்நூலின் பொருளடக்கத்தையே பாடத்திட்டமாக்கினால், மாணவர்க்கு எது முதலில் வேண்டும் என்னும் வினாவை ஆசிரியர் எழுப்பாமலே ஆண்டு முடிந்துவிடும்.