திரையில் தெரிந்ததற்குச் சான்று: கணினி விளையாட்டுத் திரைப்பிடிப்பின் வரலாறு



கணினி விளையாட்டின் ஒரு காட்சியை அப்படியே படமாக எடுத்து வைப்பதை ‘ஸ்கிரீன்ஷாட்’ என்கிறோம். தமிழில் ‘திரைப்பிடிப்பு’ எனலாம். இன்று ஒரு விசையைத் தட்டினால் போதும். படம் கைக்கு வந்துவிடுகிறது. என் மாணவர்கள் பலர் தாங்கள் வென்ற ஆட்டங்களை இவ்வாறு படமாக்கி, வண்ணம் கூட்டி, எழுத்துச் சேர்த்து நண்பர்களுக்கு அனுப்புகின்றனர். இந்த எளிய பழக்கத்திற்குப் பின்னால் நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுவது ஒரே கேள்விதான்: இந்தப் படத்தை நம்பலாமா?

புகைப்படக் கருவிக் காலம்

1980-களின் தொடக்கத்தில் வீட்டு விளையாட்டுக் கருவிகள் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கப்பட்டிருந்தன. திரையில் தெரிந்ததைச் சேமித்து வைக்கும் வசதி அவற்றில் இல்லை. ஆக்டிவிஷன் நிறுவனம் 1982-இல் ‘பிட்ஃபால்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதில் 20,000 புள்ளிகள் பெற்றவர், அந்த எண் தெரியுமாறு தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால், அவருக்குத் துணிச்சின்னம் ஒன்று பரிசாகக் கிடைத்தது. அன்று அந்தப் புகைப்படமே சான்றிதழாக இருந்தது.

அப்படத்தை எடுப்பது எளிதான செயலன்று. பழைய குழாய்த் திரையில் எலெக்ட்ரான் கற்றை ஒவ்வொரு வரியாக ஓடி, நொடிக்கு 50 அல்லது 60 முறை காட்சியை வரையும். கருவியின் ஷட்டர் மிக விரைவாக மூடிக்கொண்டால் பாதிப் படமே பதிவாகும். மறுபாதியில் கருப்புப் பட்டை விழும். எனவே ஷட்டரை மெதுவாக இயங்கவிட வேண்டும். கை நடுங்காதிருக்க முக்காலி வேண்டும். கண்ணாடியில் ஒளி பட்டுத் தெறிக்காமல் இருக்க அறையை இருட்டாக்கி, பிளாஷ் விளக்கையும் அணைக்க வேண்டும். அன்றைய விளையாட்டு இதழ்களில் வந்த படங்களும் இவ்வாறு எடுக்கப்பட்டவையே.

விசைக் காலம்

1981-இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியின் விசைப்பலகையிலேயே ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ விசை இருந்தது. பெயருக்கேற்ப, அது திரையிலிருந்த எழுத்துகளை அச்சுப்பொறிக்கு அனுப்பியது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணினி, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரையை ஓவியக் கோப்பாகவே சேமித்தது. பின்னர் விண்டோஸில் அதே ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ விசை, படத்தைத் தற்காலிக நினைவகத்தில் வைக்கும் விசையாக மாறியது. 1996-இல் வெளிவந்த ‘குவேக்’ விளையாட்டில் எஃப்12 விசையை அழுத்தினால், விளையாட்டே படத்தைக் கோப்பாக எழுதிக்கொடுத்தது.

அக்காலத்திலேயே முப்பரிமாண வரைகலை அட்டைகள் பரவின. விளையாட்டுகள் விண்டோஸின் வழக்கமான வழியில் செல்லாமல், அட்டையின் நினைவகத்தில் நேரடியாக வரையத் தொடங்கின. அதனால் ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ விசையை அழுத்தியவருக்குப் பல வேளைகளில் வெறும் கருப்புப் படமே மிஞ்சியது. 1999-இல் தோன்றிய ‘ஃபிராப்ஸ்’ போன்ற மென்பொருள்கள் இக்குறையைத் தீர்த்தன.

எது உண்மையான படம்?

நேரடியாகச் சேமித்த கோப்பு புகைப்படத்தைவிட நம்பத்தக்கது என்று எண்ணத் தோன்றும். அது முழு உண்மையன்று. டாஸ் காலத்து விளையாட்டுகள் பல, அகலம் 320, உயரம் 200 படப்புள்ளிகள் கொண்டவை. ஆனால் அவை 4:3 விகிதத் திரையை நிறைத்துக் காட்டப்பட்டன. அங்கே ஒவ்வொரு புள்ளியும் சற்றே உயரமாகத் தெரிந்தது. அக்கோப்பை இன்றைய திரையில் அப்படியே திறந்தால் காட்சி நசுங்கி, வட்டம் நீள்வட்டமாகிவிடும். அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்கி 1600-க்கு 1200 ஆக்கினால், அன்றைய ஆட்டக்காரர் கண்ட வடிவம் திரும்பிவிடும். திருத்தாத படம் தவறாகக் காட்ட, திருத்திய படம் சரியாகக் காட்டும் விந்தை இது.

ஆகவே திருத்துவது குற்றமன்று. எதற்காகத் திருத்துகிறோம் என்பதே கேள்வி. விளையாட்டு நிறுவனங்கள் சில, வாங்குபவரின் கருவியில் காண முடியாத அளவுக்கு மெருகேற்றிய படங்களை விளம்பரத்திற்கு வெளியிட்டன. ‘பென்னி ஆர்கேட்’ என்னும் இணையச் சித்திரத்தொடர் 2005-இல் அத்தகைய படங்களுக்கு ஒரு கேலிப் பெயரே சூட்டியது. 2016-இல் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டின் விற்பனைப் பக்கத்திலிருந்த படங்கள் குறித்துப் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்திடம் முறையீடு சென்றது. விசாரித்த ஆணையம், அவை ஏமாற்றவில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் ‘ஸ்டீம்’ விற்பனைத் தளம், திரைப்பிடிப்பு என்ற பெயரில் ஓவியங்களை இடாமல் விளையாட்டின் உண்மைக் காட்சிகளையே இட வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவித்தது.

மறைந்துபோன ஊர்கள்

இவ்வளவு கவலை எதற்கு, வெறும் விளையாட்டுதானே என்று சிலர் கேட்கலாம். 2003-இல் தொடங்கிய ‘ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ்’ என்னும் இணைய விளையாட்டில் ஆட்டக்காரர்கள் வீடு கட்டினர், ஊர் அமைத்தனர். 2011 டிசம்பர் 15-ஆம் நாள் அதன் வழங்கிகள் நிறுத்தப்பட்டன. ஆர்வலர்கள் பின்னர் அவ்விளையாட்டைத் தாமே மீட்டமைத்தபோதும், அன்று அம்மக்கள் எழுப்பிய ஊர்கள் திரும்பவில்லை. அவற்றைக் காண இன்று நமக்குள்ள வழி, அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் எடுத்துவைத்த திரைப்பிடிப்புகளும் காணொளிகளுமே. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு கடைகளில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் அமைப்பின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. விளையாட்டே மறையும்போது படம்தான் ஆவணமாகிறது.

இதனால் மாணவர்களுக்கு நான் சொல்லிவருவது மூன்றே செய்திகள். முதலாவது, எடுத்த மூலப்படத்தை அப்படியே பாதுகாத்து, நகலில் மட்டும் திருத்தம் செய்யுங்கள். இரண்டாவது, மூலத்தைப் பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள்; ஜேபெக் கோப்பு இடத்தை மிச்சப்படுத்தினாலும் எழுத்துகளின் ஓரத்தைச் சிதைத்துவிடும். மூன்றாவது, விளையாட்டின் பெயர், எடுத்த நாள், செய்த திருத்தம் ஆகியவற்றைப் படத்தோடு ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

அழகுக்காக வண்ணம் கூட்டுவதில் தவறேதுமில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து அப்படத்தைப் பார்ப்பவருக்கு, எது விளையாட்டு தந்தது, எது நாம் சேர்த்தது என்பதைச் சொல்ல அந்த ஒரு வரியைத் தவிர வேறெதுவும் இருக்காது.