நான்கௌரியில் பத்தொன்பது ஆண்டுகள்

போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலம் அழைத்துவந்து, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நகரிலிருந்து படகேறி ராஸ் தீவைக் காணச் செல்வோரை, வழிகாட்டிகள் தவறாமல் பாழடைந்த தேவாலயத்தின் முன் நிறுத்துவர். கூரையிழந்த சுவர்களை மரவேர்கள் பற்றிக்கொண்டிருக்கும் காட்சி உள்ளத்தை உருக்குவதே. எனினும் அது 1858-இல் தொடங்கிய கைதிக் குடியேற்றத்தின் எச்சம். பழமையென்று பாராட்டத் தக்கதன்று.

எகிப்து நாட்டின் வாதி நத்ரூன் பாலைநிலத்தில், நான்காம் நூற்றாண்டில் வேரூன்றிய காப்டிக் மடங்களுள் நான்கு இன்றும் வாழ்கின்றன. கெய்ரோவிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் அவற்றைக் கண்டு திரும்பலாம். உலகைத் துறந்தோர் ஆங்கே மணலை நாடினர். நம் தீவுகளுக்கு வந்தோரோ கடலை நாடினர். அவர்கள் புறப்பட்ட இடம் நம் தரங்கம்பாடி என்பதைத் தமிழரில் பலர் அறியார்.

ராஸ் தீவுக் குடியேற்றத்திற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு, 1768-இல், மொராவியச் சகோதரர் எனப்பட்ட சிறு கூட்டத்தார் நிக்கோபாரின் நான்கௌரியில் குடியமர்ந்தனர். டேனிஷ் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியே அவர்களுக்குத் தாய்நிலையம். தாமே உழைத்து உண்பது அவர்தம் நெறி. 1779-இல் வந்து சேர்ந்த ஹென்சல் என்பார், சங்கு சிப்பிகளைத் திரட்டித் தரங்கம்பாடிக்கு விற்பனைக்கு அனுப்பினார் என்றால், வறுமையின் அளவு விளங்கும். காய்ச்சலோ வறுமையினும் கொடிது. பதினொருவர் நான்கௌரியிலேயே மாண்டனர். பதின்மூவர் தரங்கம்பாடிக்குத் திரும்பியபின் அந்நோயாலேயே உயிர்நீத்தனர். 1787-இல் பணி கைவிடப்பட்டது.

உயிரிழப்பினும் என்னை வருத்துவது வேறொன்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு அவ்வருத்தம் இயல்பு. நிக்கோபாரியம் ஆஸ்திரோ-ஆசிய இனத்தது. ஜெர்மன் மொழிக்கும் தமிழுக்கும் அதனோடு உறவில்லை. அகராதியும் இலக்கணமும் இன்றி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு அதைக் கற்க முயன்ற அவர்களால் மக்கள் நெஞ்சைத் தொட இயலவில்லை. மத்திய நிக்கோபார் மொழிக்கு எட்வர்டு மேன் தொகுத்த அகராதி, நூறாண்டு கழித்து, 1889-இல்தான் வெளிவந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர். அவரிடம் பயின்ற நிக்கோபார்ச் சிறுவன் ஜான் ரிச்சர்ட்சன் 1950-இல் பேராயரானார். 1952-இல் முதல் மக்களவையில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். விவிலியத்தைத் தம் மக்களின் மொழியில் பெயர்த்தவரும் அவரே.

நான்கௌரி பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட நிலம். சிறப்பு அனுமதியின்றி எவரும் அங்குச் செல்ல இயலாது.