கூறு போட்டது யார்?

"'டிவைட் அப்', 'ஷேர் அவுட்', 'கார்வ் அப்' மூன்றும் ஒன்றுதானே சார்? எதை எழுதினால் சரி?" என்று பழைய மாணவி ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு இலக்கணப் புத்தகத்தைவிட வரலாற்றுப் புத்தகம் நல்ல பதில் சொல்லும் என்பேன்.

1884 நவம்பர் 15 அன்று பெர்லினில் பிஸ்மார்க் கூட்டிய மாநாடு தொடங்கியது. அமெரிக்காவும் உதுமானியப் பேரரசும் உட்பட 14 அரசுகள் கலந்துகொண்டன. பேச்சு முழுக்க ஆப்பிரிக்காவைப் பற்றித்தான். ஆனால் கூட்டத்தில் ஆப்பிரிக்கப் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை.

அங்கேயே வரைபடத்தை வைத்துக் கோடு போட்டார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1885 பிப்ரவரி 26 அன்று கையெழுத்தானது பெரும்பாலும் விதிமுறைகள்தான்: காங்கோ படுகையில் தடையற்ற வணிகம், நைஜர் ஆற்றில் கப்பல் போக்குவரத்து, புதிதாகக் கடற்கரையைப் பிடிப்பவர் மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது போன்றவை. கோடுகள் பெரும்பாலும் பின்னால் வந்த தனித்தனி ஒப்பந்தங்களில் விழுந்தன. 1890 ஒப்பந்தத்தில் சான்சிபாரில் பிரிட்டனின் பாதுகாப்பாட்சியை ஜெர்மனி ஏற்றது. பதிலுக்கு வடகடலில் உள்ள ஹெலிகோலாந்து தீவைப் பெற்றது.

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். உரியவர்கள் தங்களுக்குள் பங்கிட்டால் 'ஷேர் அவுட்' பொருந்தும். 'டிவைட் அப்' பொதுவான சொல். அடுத்தவர் சொத்தை வெட்டி எடுத்துக்கொண்டால் 'கார்வ் அப்'. நம் மீன் சந்தைக்காரர் சொல்லும் 'கூறு போடுதல்' இதற்கு வெகு பக்கம். அந்த 'அப்' சும்மா ஒட்டிக்கொண்டதல்ல. மிச்சமில்லாமல் முடித்தாயிற்று என்று பொருள். 1914-இல் எத்தியோப்பியா, லைபீரியா தவிர ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை.

'இட்' வந்தால் நடுவில்தான் வைக்க வேண்டும்: 'கார்வ் இட் அப்' சரி, 'கார்வ் அப் இட்' தவறு. எத்தனை துண்டு என்று சொல்ல 'இன்டு'. யார் யாருக்குள் என்று சொல்ல 'அமங்'.

எல்லாவற்றையும்விட முக்கியம், எழுவாய். 'ஆப்பிரிக்கா பிரிந்தது' என்று தன்வினையில் எழுதினால் தானே உடைந்த பானை மாதிரி ஆகிவிடும். 'பிரிக்கப்பட்டது' என்றாலும் ஆள் தப்பித்துவிடுகிறார். 'ஐரோப்பிய அரசுகள் பங்கு போட்டுக்கொண்டன' என்று எழுதுங்கள். அந்தக் 'கொண்டன'வில் ஆதாயம் யாருக்கு என்பதும் வந்துவிடுகிறது.

இது வெறும் நடை விஷயமல்ல. சோமாலியர்களைப் பிரிட்டன், இத்தாலி, பிரான்ஸ், எத்தியோப்பியா என்று பல ஆட்சிகளுக்குள் பிரித்தார்கள். மசாய் மக்கள் இன்றும் கென்யாவிலும் தான்சானியாவிலுமாக வாழ்கிறார்கள். 1964-இல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், விடுதலையின்போது இருந்த எல்லைகளையே மதிப்பது என்று தீர்மானித்தார்கள். மாற்றப் போனால் ஊருக்கு ஊர் சண்டை வரும் என்ற அச்சம் அவர்களுக்கு.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரிய நண்பர்களே, இந்தச் சொற்கள் வரும்போது இரண்டு கேள்வி கேட்கப் பழக்குங்கள்: பிரித்தது யார்? பொருள் யாருடையது? விடை தெரிந்தால் சரியான சொல் தானே வந்து விழும்.