ரவுண்டானா பிறந்த கதை

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர் காரை நிறுத்தி வழி கேட்கிறார். "ரவுண்டானாவுல நேராப் போங்கண்ணா" என்கிறார் ஆட்டோக்காரர். வட்டத்தில் எப்படி நேராகப் போவது என்று கேட்காமலே அவரும் போய்விடுகிறார். இத்தாலிக்காரர் என்றால், 'ரொத்தோந்தாவில் இரண்டாவது வழியில் வெளியேறு' என்று எண்ணிச் சொல்லியிருப்பார்.

ரொத்தோந்தா என்றால் வட்டமானது. நம் ரவுண்டானாவும் அந்த வம்சம்தான் என்பாருண்டு. எனக்கென்னவோ மெட்ராஸ்காரர்கள் சொல்லும் கதைதான் பொருந்துகிறது. மவுண்ட் ரோடும் வாலாஜா ரோடும் கூடுமிடத்தில் வட்டமாக ஒரு போலீஸ் டாணா இருந்ததாம். இந்துஸ்தானி 'தானா' நம் வாயில் டாணா ஆனது. டாணாக்காரன் என்றால் போலீஸ்காரன். 2022-இல் அந்தப் பெயரில் சினிமாவே வந்தது. புரசைவாக்கத்தில் தாணா தெரு இன்னும் இருக்கிறது. டாணாவுக்கு முன்னால் ஆங்கில 'ரவுண்ட்' ஒட்டிக்கொள்ள, ரவுண்ட் டாணா. வேகமாகச் சொல்லிச் சொல்லி ரவுண்டானா. ஒரே ஒரு இடத்தின் பெயர், பிறகு எந்த ஊர் வட்டத்துக்கும் பெயராகிவிட்டது. இலங்கைத் தமிழர்கள் 'சுற்றுவட்டம்' என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் நம்ம ஆட்டோக்காரர் வாயில் வராது.

பெயர் எங்கிருந்து வந்தாலும், சுற்றுவது நமக்குப் பழக்கமானதுதான். சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் நடுவட்டம் வலக்கைப் பக்கம் இருக்கும். ஏகாம்பரநாதர் பிராகாரத்தில் நடப்பதும் இப்படித்தானே? வண்டியிலும் நாம் வலம்தான் வருகிறோம். வலப்பக்கம் ஓட்டும் இத்தாலியர்கள் இடமாகச் சுற்றுகிறார்கள்.

வலப்பக்கமிருந்து வருபவருக்கு, அதாவது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, வழிவிட வேண்டும் என்பது விதி. பிரிட்டன் இதை 1966-இல்தான் விதியாக்கியது. அதற்கு முன் புதிதாக நுழைகிறவர்கள் வட்டத்தை அடைத்துக்கொள்ள, உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடியாமல் எல்லாரும் சிக்கிக்கொள்வார்களாம். நம்மூரில் அந்த விதி ஹாரனிடம் தோற்றுப்போகிறது.

மவுண்ட் ரோடில் இப்போது அந்த டாணா இல்லை. காஞ்சிபுரத்தில் 1909-இல் பிறந்த அண்ணாவுக்கு 1968 ஜனவரியில் அங்கே சிலை திறந்தார்கள். பஸ்ஸில் அங்கே இறங்க வேண்டுமானால், 'அண்ணா சிலை' என்று கேட்டு டிக்கெட் வாங்குங்கள்.