தியத்தலாவையின் உழவர்களும் என் தாத்தாவும்

என் தாத்தா ஒரு வெள்ளைக்காரனை முதன்முதலாகக் கைதிக் கோலத்தில் கண்டது 1900ஆம் ஆண்டில். அப்போது அவருக்குப் பத்து வயதிருக்கும். ஊவா மாகாணத்தில், ஹப்புத்தளைக்கு அண்மையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் தாயின் பின்னால் திரிந்த சிறுவன் அவர். தாடி வளர்த்த வெள்ளைக்காரர்களை ஏற்றிய புகையிரதம் ஒன்று, துவக்கேந்திய வேறு வெள்ளைக்காரர்களின் காவலோடு தியத்தலாவையை நோக்கிச் சென்றதாம். "தொரைமாரையும் புடிச்சு அடைக்கலாம்னு அன்னிக்குத்தான்டா தெரிஞ்சுச்சு" என்று நான் பள்ளி மாணவனாக இருந்த காலத்தில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கிழவர் கதை விடுகிறார் என்றே அன்று எண்ணினேன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து பழைய ஆவணங்களைப் புரட்டத் தொடங்கிய பின்னரே அது வரலாறு என்று தெரிந்தது.

1899 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. டச்சு மொழியில் 'போயர்' என்றால் உழவன் என்று பொருள். நிரந்தரப் படை என்று பெரிதாக எதுவும் இல்லாத அம்மக்களிடையே பதினாறு வயது முதல் அறுபது வயது வரையிலான ஆண்கள் யாவரும் போருக்குக் கடமைப்பட்டவர்கள். ஏரை விட்டுத் துவக்கை ஏந்திய அவ்வுழவர்களில் பேரன் பேத்தி கண்டவர்களும் இருந்தனர். பிடிபட்டோரைச் சென். ஹெலினா, பெர்முடா, இந்தியா, இலங்கை எனக் கடல் கடந்து அனுப்பியது ஆங்கில அரசு. இலங்கைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். முதற் கப்பல் 1900 ஆகஸ்டில் கொழும்பை அடைந்தது. 1894இல் பண்டாரவளை வரை நீண்டிருந்த புகையிரதப் பாதை அவர்களை மலையேற்றியது. தியத்தலாவையில் அமைந்ததே அவர்களுக்கான மிகப் பெரிய முகாம்.

முகாமில் அவர்கள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள்; மரத்தைச் செதுக்கிக் கைவினைப் பொருள்கள் செய்தார்கள்; 'டி ஸ்ட்ரேவர்' என்ற பத்திரிகையையும் வெளியிட்டார்கள். நெருப்புக் காய்ச்சலுக்குப் பலர் பலியாயினர். அவர்கள் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் நினைவுக்கல் இருக்கிறது. அதில் இறந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இப்போரில் தமிழருக்கும் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. நேட்டாலில் காந்தியடிகள் திரட்டிய இந்திய மருத்துவ உதவிப் படையில் சுமார் 1,100 பேர் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அவர்களில் அடங்குவர். 1900 ஜனவரியில் ஸ்பியன் கொப் போர்க்களத்தில் காயமுற்ற ஆங்கிலச் சிப்பாய்களைத் தூக்குக் கட்டில்களில் பல மைல் தூரம் சுமந்தவர்கள் அவர்கள். ஒரே மாகாணத்துப் பஞ்சம் ஒரு பகுதியினரை நேட்டாலுக்கும் மற்றொரு பகுதியினரை ஊவாவுக்கும் விரட்டியது. அங்கே சென்றவன் போயர்களின் குண்டுகளுக்கு நடுவே கட்டில் சுமந்தான். இங்கே வந்தவனின் பிள்ளை, பிடிபட்ட போயர்களைப் புகையிரதத்தில் கண்டான்.

1902 மே 31இல் போர் முடிந்தது. ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தோர் ஊர் திரும்பலாம் என்றார்கள். பெரும்பாலோர் கையொப்பமிட்டுக் கப்பலேறினர். எங்கல்பிரெக்ட் என்பவர் இறுதிவரை மறுத்தார், இலங்கையிலேயே தங்கினார். ஆயினும் 1908இல் அதே அரசாங்கம் அவரை யால வனத்தின் காவலராக நியமித்தது. முதலாம் உலகப் போரின்போது, எம்டன் என்ற ஜேர்மானியப் போர்க்கப்பலுக்கு இறைச்சி வழங்கினார் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார், குற்றம் நிரூபிக்கப்படவில்லை. 1922இல் இந்நாட்டிலேயே காலமானார்.

பிரமாணம் செய்ய மறுத்தவருக்கு இந்நாட்டில் வேலையும் ஓர் இடமும் கிடைத்தன. என் தாத்தாவோ எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்கச் சித்தமாயிருந்தார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவரைப் போன்ற இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டப்படி விண்ணப்பிக்க, 1946க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இங்கு வசித்ததாக நிரூபிக்க வேண்டும். தங்கையின் திருமணத்துக்காக ஒருமுறை இந்தியா சென்று வந்த தாத்தாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் நாள் தவறாமல் செக்ரோலில் பதிந்த பெயர் அங்கே செல்லுபடியாகவில்லை.

அவரும் உழவரே. பிரட்டுக்குப் போய் வந்த பிற்பாடு, லயத்தின் பின்புறமிருந்த சிறு துண்டு நிலத்தில் கோவாவும் போஞ்சியும் பயிரிட்டார். முதற் காய்ப்பு பேரப்பிள்ளைகளுக்கு. மிச்சம் பண்டாரவளைச் சந்தைக்கு. அந்தக் காசில்தான் எனக்குப் பள்ளிப் புத்தகங்கள் வந்தன. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்போம் என ஒத்திவைத்தது. தாம் எந்தக் கணக்கில் வருகிறோம் என்று அறியாமலே இரண்டு ஆண்டுகளில் தாத்தா கண்மூடினார்.

தேயிலைச் சரிவில் அவரைப் புதைத்த இடத்தில் ஒரு கல்லை நட்டோம். பிற்காலத்தில் அங்கே புதுக் கன்று போட்டுவிட்டார்கள். சென்று தேடினேன், கல்லைக் காணவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, பலரது உடல்கள் மீட்கப்படாமல் மலையே சமாதியாயிற்று. அச்செய்தியை வாசித்த அன்று எனக்குத் தாத்தாவின் கல்தான் நினைவுக்கு வந்தது.

போயர்களின் கல்லின் மீது எனக்குப் பொறாமையில்லை. ஊரிழந்து வந்து மாண்ட உழவர்களை அவர்களுடைய மக்கள் மறக்கவில்லை. அது நல்ல காரியம். நாமும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊவாவிலிருந்து தமிழகத்துக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சிதறிய பேரப்பிள்ளைகள், உங்கள் தாத்தாவின் பெயர், அவர் உழைத்த தோட்டம், டிவிஷன், கங்காணியின் பெயர், விட்டு வந்த ஊர் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். விவரம் சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். நான் தாத்தாவிடம் ஊர்ப்பெயரைக் கேட்டுக் குறித்துவைக்கவில்லை.