அப்பச்சோடாவுக்கு முன்னால் ஒரு முட்டி இருந்தது

கடையில் நாங்கள் யாரும் "சோடியம் இருகாபனேற்று தாங்கோ" என்று கேட்பதில்லை. அப்பச்சோடா என்றுதான் கேட்கிறோம். வடைக்கும் போடுகிறோம், கடலை அவிக்கவும் போடுகிறோம். ஆனாலும் பெயர் அப்பத்தோடுதான் ஒட்டிக்கிடக்கு. எங்கட சாப்பாட்டின்ர பெயரை வைத்துவிட்டதால் அந்த வெள்ளைத் தூள் காலங்காலமாக இங்கேயே இருந்த மாதிரித் தோன்றுகிறது. உண்மையில் உலகத்துச் சமையலறைகளுக்குள் அது வந்து இருநூறு வருடம்கூட ஆகவில்லை.

அதுக்கு முன்னம் அப்பமா எப்படிப் பொங்கினது? கள்ளால்தான். எங்களில் ஒருவரின் அம்மம்மா இப்பவும் சொல்லுவா: "கள்ளு விட்டுப் புளிக்க வைச்ச மாவுக்கு ஒரு வாசம் இருக்கு பிள்ளை, சோடாவுக்கு அது வராது." பழங்காலத்து ஏக்கம் என்று நாங்கள் சிரித்தோம். அது ஏக்கம் மட்டுமில்லை. கள்ளில் மதுவமும் பற்றீரியாவும் உயிரோடு இருக்கின்றன. இரவு முழுக்க அவை சீனியைத் தின்று காபனீரொட்சைட்டு வாயுவை விடுகின்றன, கூடவே கொஞ்சம் அற்ககோல், கொஞ்சம் அமிலம். வாசம் அங்கிருந்துதான் வருகிறது. சோடா தருவது வாயுவை மட்டும். மாவில் புளிப்பு இருந்தால் அந்த அமிலத்தோடு சேர்ந்து உடனேயே நுரைக்கும், அதனால்தான் சுடப்போகும் நேரத்தில் போடச் சொல்லுறவை. புளிப்பு இல்லையென்றால் தாச்சிச் சூட்டில் உடைந்து, வாயுவை விட்டுவிட்டு, சோடியம் காபனேற்றாக மிஞ்சும். உடுப்புத் தோய்க்கிற சோடா அது. கனக்கப் போட்ட அப்பம் மஞ்சளாகிச் சவுக்காரம் மாதிரி இருப்பது இதனால்தான்.

சோடா மலிந்த கதை பிரான்சில் தொடங்குகிறது. அதுவரை சோடாவைக் கடற்கரைச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுத்தார்கள். 1791இல் நிக்கொலா லெப்ளாங் என்ற வைத்தியர் சாதாரண உப்பிலிருந்து அதைச் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். புரட்சி அரசு அவருடைய தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது. 1806இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். பிறகு 1861இல் பெல்ஜியத்து எர்னெஸ்ட் சொல்வே இன்னும் மலிவான வழி கண்டார். அமெரிக்காவில் 1846இலேயே ஜோன் டுவைற்றும் ஒஸ்ரின் சேர்ச்சும் இதைப் பொதிகட்டி வீடுகளுக்கு விற்கத் தொடங்கியிருந்தார்கள்.

எங்களுக்குப் பிடித்த ஆள் பேர்மிங்காமில் கடை வைத்திருந்த மருந்துக் கலவையாளர் அல்பிரெட் பேர்ட். அவருடைய மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஒத்துவராது, மதுவமும் ஒத்துவராது. முட்டை இல்லாத கஸ்ரட்டை 1837இல் செய்தார், மதுவம் இல்லாத பாணுக்காக 1843இல் பேக்கிங் பவுடரைச் செய்தார். சோடாவையும் தாத்தாரிக் அமிலத்தையும் உலர்ந்தபடியே ஒன்றாகக் கலந்து, ஈரம் பட்டு முன்கூட்டியே பொங்காமல் இருக்க மாப்பொருளையும் சேர்த்தார். அவ்வளவுதான் சூட்சுமம்: தண்ணி படும்வரை சண்டை இல்லை. 1856இல் ஹாவர்ட் பேராசிரியர் எபன் ஹோர்ஸ்போர்ட் அந்த அமிலத்துக்குப் பதிலாக எலும்பிலிருந்து எடுத்த கல்சியம் பொசுபேற்றைக் கொண்டுவந்தார். சைவக்காரர் கேட்டால் என்ன சொல்லியிருப்பினமோ! அதன்பிறகு வந்தது படிகாரம் சேர்ந்த மலிவுப் பவுடர். அதை ஒழிக்கப் போட்டிக் கொம்பனிகள் கடுமையாகப் பாடுபட்டன. மிசூரி மாநிலம் 1899இல் அதைத் தடைசெய்தே விட்டது. பின்னால் இலஞ்சம் வெளிப்பட்டு, 1903இல் துணை ஆளுநர் பதவி விலகி, 1905இல் சட்டமும் போனது.

இத்தனை பெயர்களும் ஆண்டுகளும் எங்களுக்குக் கிடைக்கின்றன. இப்ப பனையடிக்கு வருவம். சீவல் தொழிலாளி வெறும் முட்டியைக் கட்டினால் பாளையில் வடிவது புளித்துக் கள்ளாகும். அதே முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் கருப்பநீராக இனிப்போடேயே இருக்கும். சுண்ணாம்பு ஒரு காரம், நுண்ணுயிர்கள் அதற்குள் பெருக முடியாது. வாயுவும் வேணும், இனிப்பும் வேணும், எது வேணுமோ அதை மரத்தின் உச்சியிலேயே தீர்மானிக்கிற அறிவு இது. பேர்ட் செய்ததற்கு எந்த வகையிலும் குறைந்த இரசாயனம் இல்லை. இதைக் கண்டுபிடித்தவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை, எங்கட பாடப்புத்தகத்தில் அது விஞ்ஞானமாகவும் இல்லை.

பெயர் இல்லாமல் போனது தற்செயலும் இல்லை. அவர்கள் இறக்கின கள்ளு மாவுக்குள் போகலாம், பனங்கட்டி தேத்தண்ணிக்குப் போகலாம். அவர்கள் மட்டும் கிணற்றில் அள்ளக்கூடாது, தேநீர்க்கடையில் சரிசமமாக இருக்கக்கூடாது, கோயிலுக்குள் போகக்கூடாது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடவேண்டி வந்தது. பொதியில் வருகிற சோடாவுக்கு ஒரு வசதி உண்டு, அது யாருடைய கையால் வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அம்மம்மாவிடம் நாங்கள் கேட்டோம், கள்ளுக் கொண்டுவந்தவரை எங்க இருத்தினீங்கள் என்று. கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முத்தத்தில" என்றா.

போன மாதம் தவறணையில் ஒரு போத்தல் கள்ளு வாங்கி, மாவை இரண்டாகப் பிரித்துப் பார்த்தோம். கள்ளு விட்டது விடியமுன்னம் சட்டியை விட்டு வழிந்திருந்தது. சோடா போட்டதில் எங்கட கை கொஞ்சம் கூடிப்போச்சு. மஞ்சள் விழுந்த அந்த அப்பத்தை ஒருவரும் தொடவில்லை.